ஆமா போட ஓர் ஆள்

(அண்ணாச்சி பதில்கள்)

போன இதழில் முளைப்பாரிக் கும்மியைப் பற்றி எழுதும்போது, கூடிப் பாடுகிற பெண்களுக்கு மனசு லேசாகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்கள் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். சிலர் ஆமோதித்து, சிலர் அடிக்க வராத குறையாக. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளனாக முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். ஊருக்கும் ‘பக்கம்’ என்றுதான் போட்டிருக்கிறேன், நம்ம சீமையில் ஊரையும் தெருவையும் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி.

“அண்ணாச்சி, எங்க மாமா தவறி அஞ்சு மாசம் ஆகுது. அதிலிருந்து அத்தைக்குப் பேச்சே இல்லை. முன்னெல்லாம் பீடி சுத்திக்கிட்டே பாடுவாங்க, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டா அத்தைதான் பாட்டு எடுத்துக் கொடுக்கணும். இப்போ சொளவை (முறத்தை) மடியில வச்சபடியே உட்கார்ந்திருக்காங்க, நனைச்ச இலை காய்ஞ்சு போகுது. அடுத்த மாசம் கொடை. துக்க வீடுன்னு யாரும் கூப்பிடலை. பாட வச்சா சரியாயிருவாங்களா?” (ஒரு மருமகள், முக்கூடல் பக்கம்)

பாட வைக்காதீர்கள் தாயி. அது இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் வேறு சில விஷயங்களைப் பாருங்கள். அத்தை சாப்பிடுகிறார்களா, சேலை தொளதொளவென்று ஆகிவிட்டதா, ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்து மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்களா, ‘அவுகளோட நானும் போயிருக்கலாம்’ என்ற பேச்சு வருகிறதா. கடைசியில் சொன்னது வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிடுங்கள், ‘அத்தே, செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று எல்லாரும் பயப்படுவார்கள், அப்படி ஆகாது, கேட்டதும் பாரம் இறக்கினது போல அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ‘ஆமா’ என்றாலோ, வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தாலோ பாட்டும் கும்மியும் பிறகு, டாக்டர் முதலில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே கிளம்ப முடியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி-மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த அளவுக்கு இல்லை, வெறும் துக்கம்தான் என்றால் அப்புறம் பாட்டுக்கு வரலாம். வீரவநல்லூர் பக்கம் ஓர் ஆச்சி, இதே போல மகன் போன பிறகு வாயடைத்துப்போய்ப் பட்டாசலில் ஒரே தூணில் சாய்ந்தபடி மாதக்கணக்கில் இருந்தாள். நானும் போய், அப்போது எனக்கு வேலை புதுசு, ‘ஆச்சி ஒரு பாட்டுப் பாடுங்களேன்’ என்று கேட்டுவைத்தேன். ஆச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கச்சேரி கேட்டிருக்கிறேன் பாருங்கள். நாலு நாள் கழித்துப் பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி அதே பட்டாசலில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே ஏதோ தாலாட்டை முன்னுக்குப் பின்னாகப் பாடியிருக்கிறாள், தாய்மாமன் வருகிற இடத்தில் அத்தையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. ‘ஏட்டி, அது அப்படி இல்ல’ என்று தூணைவிட்டு நிமிர்ந்தாள். ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஆகவே நீங்களும் ஒரு சொளவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அத்தைக்கும் சேர்த்து இலையை வெட்டுங்கள். தெரிந்த பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுங்கள், திருத்தினால் திருத்தட்டும், இல்லையென்றால் சும்மா இருக்கட்டும். தினமும் அதே நேரம், அதே இடம். அவர்கள் வயதுப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் சொளவோடு வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. கொடைக்கு வருஷம் திரும்பட்டும், அந்த வழக்கத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு கும்மிப் பாட்டைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எந்தச் சாமியும் தடை போட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்பாரி என்று ஒன்று நம்மிடம் இருந்தது. செத்தவரைப் புகழ்வதுதான் ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உட்கார்ந்து கேட்டால் தெரியும், அதில் பாதி வசவு. குடித்து அழித்ததற்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பாததற்கு, நகையை வாங்கி அடகு வைத்ததற்கு எல்லாம் பிணத்தின் தலைமாட்டிலேயே கணக்குத் தீர்ப்பாள், ஒரு ஆம்பிளை வாய் திறக்க முடியாது. தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் அவள் விட்ட இடத்தை எடுத்துக்கொள்வார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது, ஒப்பாரியும் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது, வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் அத்தை மாமாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்களாகத் திட்ட ஆரம்பித்தால் தடுக்காதீர்கள்.

“வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை. கலரிங் புத்தகம் வாங்கு, மண்டலா (வட்டச் சித்திரம்) வரை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வாங்கி வரைந்தும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. இதற்கெல்லாம் ஆதாரம் ஏதும் இருக்கிறதா, இல்லை சும்மா வியாபாரமா?” (ஓர் இளைஞர், பாளையங்கோட்டை)

இரண்டும் உண்டு தம்பி.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் ஓர் அறிக்கை போட்டது. கலைக்கும் உடல்நலம், மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நோய் வராமல் தடுப்பதிலும், வந்த பிறகு சமாளிப்பதிலும் கலைக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் முடித்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே தரம் இல்லை, சின்னச் சின்ன ஆய்வுகளும் நிறைய, அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது 2018-இல் பிரிட்டனில் வந்த ஒன்று. பிள்ளை பெற்றபின் மனச்சோர்வு வந்த 134 தாய்மாரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாட வைத்தார்கள், ஒரு பிரிவைச் சேர்ந்து விளையாட வைத்தார்கள், மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பத்து வாரம். சோர்வு ஓரளவு கடுமையாக இருந்தவர்களில் பாடினவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். நம்ம ஆச்சிமார் தாலாட்டைப் பிள்ளைக்காக மட்டும் பாடவில்லை போலிருக்கிறது.

எழுத்துக்கும் ஆதாரம் உண்டு. பென்னிபேக்கர் என்று அமெரிக்க உளவியல்காரர் ஒருவர், 1986-இல் வெளியான ஆய்வு. கல்லூரி மாணவர்களிடம் மனசை அறுக்கிற விஷயத்தை நாளுக்கு 15 நிமிஷம், தொடர்ந்து நாலு நாள் எழுதச் சொன்னார். எழுதின கையோடு அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதினவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. பேனாவும் ரஃப் நோட்டும் போதும், எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துக்கூடப் போடலாம்.

சரி, உங்கள் மண்டலா ஏன் பலிக்கவில்லை? எப்போது வரைந்தீர்கள் என்று எழுதவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு, தனியாக, போனை மல்லாத்தி வைத்துக்கொண்டு வரைந்திருப்பீர்கள் என்று நான் யூகிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கணும். நாள் பூரா நாலு சுவருக்குள் தனியாக இருக்கிறவருக்கு மறுபடியும் தனியாகச் செய்கிற வேலையையே கொடுத்தால் என்ன செய்யும்? வாரம் ஒரு நாள் வெளியே போங்கள். சிலம்பமோ பறையோ சொல்லித்தருகிற ஆள் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். காருகுறிச்சியில் பானை வனைகிறவர்கள் இருக்கிறார்கள், மண் மிதிக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கையெல்லாம் களிமண்ணாக இருந்தால் போனைத் தொட முடியாது, அது ஒரு லாபம். படபடப்பு அப்படியே நீடித்தால் டாக்டரையும் பாருங்கள், அதற்கு மருந்து உண்டு.

“என் மகளுக்கு மனச்சிதைவு, மூணு வருஷமா மாத்திரை. இப்போ நல்லா இருக்கா, அருமையா படம் வரையுறா. ‘கலையே மருந்து, இனி மாத்திரை எதுக்கு’ன்னு என் மச்சினர் சொல்றார். கண்காட்சி வைக்கவும் ஏற்பாடு பண்றார்.” (ஒரு தகப்பனார், ஆலங்குளம் பக்கம்)

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அவள் உட்கார்ந்து வரைகிறாள். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது, மச்சினர் சொல்லக்கூடாது. வைத்தியத்தை விட்டுவிட்டு ஒன்றையே நம்பிப் போனால் என்ன ஆகும் என்று நம்ம தெற்குச் சீமைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்துச் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை மறந்துவிட்டோமா என்ன.

கண்காட்சியைப் பற்றி மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை இல்லை. சம்மதித்தால் வையுங்கள், ஆனால் ‘மனநோயாளி வரைந்த ஓவியம்’ என்று எந்த அட்டையும் தொங்கக் கூடாது. அவள் பெயர், படத்தின் பெயர், போதும். அப்புறம், படத்தில் கறுப்பு அதிகமாக இருக்கிறதே, நோய் திரும்புகிறதோ என்று சோசியம் பார்க்கிற வேலையும் வேண்டாம். கறுப்பு பெயிண்ட் தீராமல் இருந்திருக்கலாம்.

“2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பள்ளியில் பல பிள்ளைகளின் வீடு போய்விட்டது. இன்றும் மழை இருட்டினால் சில பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு அழுகிறார்கள். படம் வரையச் சொல்லலாமா?” (ஓர் ஆசிரியை, ஸ்ரீவைகுண்டம் பக்கம்)

சொல்லலாம் டீச்சர். ஆனால் ‘வெள்ளத்தை வரை’ என்று சொல்லாதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது, உங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டு நின்றது, பெரியவர்களாலேயே அதை முழுசாக நினைத்துப்பார்க்க முடியவில்லை. பேப்பரைக் கொடுங்கள், கிரேயானைக் கொடுங்கள், எதை வேண்டுமானாலும் வரையட்டும். வெள்ளம் வர வேண்டும் என்றால் அதுவே வரும்.

வந்த பிறகு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ‘இது என்ன, இதைப் பற்றிச் சொல்லு’ என்று மட்டும் கேளுங்கள். திருத்த வேண்டாம், மார்க் வேண்டாம், சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். நிவாரண முகாமில் ஒரு பையன் தாளில் முக்கால் பங்கு பழுப்பாகத் தேய்த்துவிட்டு மேலே ஓரத்தில் ஒரு ஆட்டை வரைந்திருந்தான். ஆடு மொட்டைமாடியில் நிற்கிறது என்றான். பிழைத்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, ‘இதுல பிழைச்சிட்டு’ என்றான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதோடு அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். மழை இருட்டினால் யார் எந்த வகுப்புக்குப் போவது, மாடிப்படி எது, யார் யாரைக் கையைப் பிடித்துக்கொள்வது என்று ஒரு சின்ன நாடகமாகப் போட்டுப் பழகட்டும். அழுகிற பிள்ளைக்கே மணி அடிக்கிற வேஷம் கொடுங்கள். இத்தனைக்கும் பிறகு ராத்திரி அலறுவது, படுக்கையில் ஒண்ணுக்குப் போவது, பள்ளிக்கே வர மறுப்பது என்று தொடர்கிற பிள்ளை இருந்தால் பெற்றோரோடு பேசி டாக்டரிடம் அனுப்புங்கள்.

“பொம்பளைகளுக்குக் கும்மி, கோலம்னு எழுதிட்டீங்க. எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ரிட்டயர்டு ஆனவர். தார்சாவுல உட்கார்ந்து டிவி, இல்லைன்னா எல்லார் மேலயும் எரிச்சல். ஆம்பிளைகளுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?” (வள்ளியூர் பக்கம்)

வில்லுப்பாட்டு இருக்கிறது தங்கச்சி. அதைக் கேட்கப் போகச் சொல்லவில்லை, அடிக்கப் போகச் சொல்கிறேன்.

ஆம்பிளைகளைக் கூப்பிட்டு ‘மனசுவிட்டுப் பேசுங்க’ என்றால் ஒருத்தரும் வர மாட்டார், வந்தாலும் அரசியல்தான் பேசுவார். ‘குடம் அடிக்க ஓர் ஆள் குறையுது, வாறீரா?’ என்று கேளுங்கள், வருவார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம், முக்கால்வாசி ரிட்டயர்டு கேஸ். மேடைக்குப் போகிற திறமை ஒருத்தருக்கும் கிடையாது. உடுக்கு ஒருவர், ஜால்ரா ஒருவர், கட்டை ஒருவர், குடம் ஒருவர், நடுவில் வில்லை அடிக்கிற வீசுகோலை எடுத்துக்கொண்டு அன்றைக்கு யாருக்குக் கதை இருக்கிறதோ அவர்.

வில்லுப்பாட்டில் எல்லாரும் கதை சொல்கிற அண்ணாவியைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கிறது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போடுகிறவரை. அண்ணாவி ஒரு வரி சொல்வார், இவர் ‘ஆமா’ என்பார், ‘அப்புறம்?’ என்பார், ‘அடடா!’ என்பார். அது இல்லாவிட்டால் கதை நகராது. ஒரு தடவை ஊமையாகவே இருக்கிற ஒரு மனுஷர், போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர், சாஸ்தா கதைக்கு நடுவில் திடீரென்று தன் கதைக்குப் போய்விட்டார். பெண்சாதிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றைக்கு ஜங்ஷனில் பஸ் ஏறாமல் வண்ணார்பேட்டை வரைக்கும் நடந்தே போனதை மெட்டிலேயே சொன்னார். குடம் அடித்தவர் தாளத்தை நிறுத்தவில்லை. பக்கத்து ஆள், ‘ஆமா’ என்றார். அவர் இன்னொரு வரி சொன்னார். ‘ஆமா.’ இருபது நிமிஷம் போயிற்று. முடிந்ததும் யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, ஒருத்தர் மட்டும் ‘டீ சொல்லட்டுமா’ என்றார். என் முப்பது வருஷ சர்வீசில் அவ்வளவு சுத்தமான கவுன்சலிங்கை நான் செய்ததில்லை.

அரசாங்கம் சுகாதாரப் பிரச்சாரத்துக்கு வில்லுப்பாட்டுப் போடுவதை நான் சொல்லவில்லை, அங்கே நமக்குப் புத்தி சொல்வார்கள், நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே சொல்கிறவரும் நாம், ஆமா போடுகிறவரும் நாம். உங்கள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினவர், ஆயிரம் கதை வைத்திருப்பார். கேட்க ஆள் இல்லாததுதான் எரிச்சலோ என்னவோ.

“எங்கள் ஊரிலும் இப்படிக் கூடிப் பாடுகிற கூட்டம் ஒன்று தொடங்க ஆசை. எவ்வளவு பணம் வேண்டும், என்னவெல்லாம் செய்யணும்?” (கல்லூரி மாணவி, களக்காடு பக்கம்)

டீச் செலவுதான். மற்றபடி எனக்கு வலி தந்த பாடங்களை மட்டும் சொல்கிறேன்.

இடம் முக்கியம். முதல் தடவை நாங்கள் ஒரு தெருவின் சமுதாய மண்டபத்தில் வைத்தோம், சும்மா கிடைத்தது. பாதி ஊர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. யார் மண்டபம், எந்தத் தெரு, அங்கே யாருடைய ஆச்சியை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் நமக்கு மறந்திருக்கும், நின்றவர்களுக்கு மறந்திருக்காது. நூலகம், பஞ்சாயத்துப் பள்ளி, ஆற்றுப் படித்துறை என்று எல்லாரும் தயங்காமல் கால் வைக்கிற இடமாகப் பாருங்கள்.

போட்டி, பரிசு, சிறப்பு விருந்தினர் மூன்றும் வேண்டாம். ஒருமுறை கோலப்போட்டி என்று வைத்தோம், முதல் பரிசு ஒரு குக்கர். அந்தக் குக்கரோடு எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் போனார்கள். போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவதும் கூடாது, அழுதவள் அடுத்த வாரம் வர மாட்டாள்.

அப்புறம் நாள் தவறக் கூடாது. மழையோ கல்யாணமோ, இரண்டே பேர் வந்தாலும் அந்த நாளில் அந்த நேரத்தில் விளக்கு எரிய வேண்டும். வராதவர் வீட்டுக்கு மறுநாள் யாராவது ஒருவர் போக வேண்டும், ஏன் வரவில்லை என்று கேட்க இல்லை, சும்மா எட்டிப்பார்க்க. பாட்டு பாதி வேலை செய்கிறது என்றால் இந்த எட்டிப்பார்ப்பது மீதி வேலையைச் செய்கிறது என்பது என் கணிப்பு, இதற்கு என்னிடம் ஆய்வு ஒன்றும் கிடையாது.

“அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் சொல்றீரே, நீர் என்ன செய்யுதீரு?” (டவுன், பெயர் போடவில்லை, ஆனால் கையெழுத்து தெரியுது)

கோலம் போடுகிறேன்வே. சிரிக்காதீர். ரிட்டயர்டு ஆன மார்கழியில் ஆரம்பித்தது. 15 புள்ளி, இடைப்புள்ளி 8, சிக்குக்கோலம். நோட்டில் சரியாக வருகிறது, வாசலில் குனிந்ததும் இடது மூலையில் ஓர் இழை எங்கேயோ தப்பிவிடுகிறது, ஒரு புள்ளி அனாதையாக வெளியே நிற்கிறது. இன்றைக்கும் நின்றது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, ‘சார், அந்தப் புள்ளிக்கு யாரும் இல்லையா’ என்று கேட்டுவிட்டுப் போகிறார். எங்க வீட்டம்மா வந்து ஒரே சுழிப்பில் அதை உள்ளே இழுத்துவிட்டு, கையிலிருந்த மாவை என் முதுகிலேயே துடைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.